ஐயாயிரத்துக்குள் ஓர் உலர்த்தி: தட்டட்டியா, தட்டடுக்கா?

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் மதினி இரண்டு வருடங்களாக அடுப்பில் ஏற்றாத உணவைத்தான் உண்கிறார். அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் சோறும் குழம்பும் வழக்கம்போல நடக்கும். அவருடைய தட்டில் மட்டும் தேங்காய், ஏத்தம்பழம் என்கிற நேந்திரம்பழம், முளைகட்டிய பயறு, வெள்ளரி. பக்கத்துச் சிவசைலத்தில் இயற்கை உணவுக்கென்றே ஓர் ஆசிரமம் இருப்பதால், தேங்காயும் பழமும் தின்று வாழ்கிறவரை அந்த வட்டாரத்தில் யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை. மதினியின் சிக்கல் வேறு. பச்சைக் காய் எவ்வளவு தின்றாலும், மொறுமொறுவென்று எதையாவது கடித்தால்தான் வாய்க்கு நிறைவு. ஆளிவிதை ரொட்டி, நெல்லி வற்றல், பழத் தகடு என்று செய்து பார்க்கத் தொடங்கினார். ஐப்பசி மழையில் எல்லாம் பூசணம் பூத்தது. அப்போதுதான் எனக்குப் போன் செய்தார்.

“தம்பி, ஐயாயிரம் ரூபாய்க்குள் காயவைக்கிற பெட்டி ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். சூடு மட்டும் ஏறக் கூடாது.”

அந்தக் கடைசி வரி இருக்கிறதே, அதுதான் என்னை ஒரு மாதம் அலையவிட்டது.

சமைக்காத உணவுக்காரர்கள் பலரும் சொல்லும் எல்லை 118 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 48 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் குறைவு. சிலர் 46 என்பார்கள், கண்டிப்பானவர்கள் 42 என்பார்கள். அதற்கு மேல் போனால் உணவிலுள்ள என்சைம்கள் செத்துவிடும் என்பது அவர்கள் கட்சி. எல்லா என்சைமும் ஒரே சூட்டில் அடங்குவதில்லை, 60 டிகிரிக்கு மேலும் தாக்குப்பிடிப்பவை உண்டு, தாக்குப்பிடித்தவையும் பெரும்பாலும் இரைப்பையின் அமிலத்தில் சிதைந்துபோகும் என்பது என் கட்சி. இதை மதினியிடம் ஒருமுறை சொன்னேன். அன்று மாலை எனக்குக் காபி வரவில்லை. ஆகவே 48 என்பதை வாதமின்றி ஏற்றுக்கொண்டு, அதற்குள் நிற்கும் கருவி எது என்று மட்டும் பார்த்தேன்.

கடைகளில் விற்பவர்கள் தட்டு எத்தனை, வாட் எவ்வளவு என்றுதான் பேசுகிறார்கள். இந்த உணவு முறைக்கு அவை இரண்டும் பின்னால் வர வேண்டியவை. 70 டிகிரியில் காயவைத்தால் சூடே வேலையை முடித்துவிடும். 45 டிகிரியில் காற்றுதான் உழைக்க வேண்டும். அடைமழை நாளில் வெளிக்காற்று 28 டிகிரியிலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் இருக்கிறது என்று வையுங்கள். அதே காற்றை 45 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறத்தாழ 33 சதவீதமாக இறங்கிவிடும். காற்றிலிருக்கும் தண்ணீர் குறையவில்லை, அதன் தாகம்தான் கூடியிருக்கிறது. அந்தத் தாகமுள்ள காற்று ஒவ்வொரு தட்டின் மேலும் ஓட வேண்டும், ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். ஆக, பார்க்க வேண்டியவை மூன்று: சூடு 45-க்கு இறங்குமா, இறங்கிய இடத்தில் நிற்குமா, காற்று எல்லாத் தட்டுக்கும் ஒரே மாதிரி போகுமா?

காசில்லாத உலர்த்தியிலிருந்தே தொடங்குகிறேன், அதாவது தட்டட்டி, மற்ற ஊர்க்காரர்களின் மொட்டை மாடி. நெல்லைச் சீமையில் வற்றல் போடத் தெரியாத வீடு குறைவு. மிதுக்கங்காய், சுண்டை, கொத்தவரை, மோர் மிளகாய் எல்லாம் எங்கள் ஆச்சி காலத்திலிருந்து தட்டட்டியில்தான் காய்கின்றன. பாளையங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடியில் மழை எட்டிப் பார்ப்பதே அபூர்வம். மலையைத் தாண்டி வரும் மேல்காற்று மட்டும் கொடியில் கிடக்கும் வேட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோகும். இதைவிட நல்ல காற்றாடியை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. ஆனால் அம்பாசமுத்திரம், தென்காசி, செங்கோட்டைப் பக்கம் அதே மாதங்களில் சாரல் விழும். அங்கே இருப்பவர்களுக்கு ஆடியும் போயிற்று, ஐப்பசி கார்த்திகையும் போயிற்று.

சித்திரை வெயிலில் ஒரு வேடிக்கை செய்தேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கம்பி முனை வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை, மதினி பழத்துண்டு பரப்பியிருந்த சுளகின், அதாவது முறத்தின் அடியில், சிமென்ட் தளத்தோடு ஒட்டி வைத்தேன். பிற்பகல் இரண்டு மணிக்கு 57 டிகிரி. “உங்கள் 48 என்ன ஆயிற்று மதினி?” என்று கேட்டேன். “சூரியன் வேறு, சுவிட்ச் வேறு” என்றார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் சுளகைத் தளத்திலிருந்து தூக்கிக் கயிற்றுக் கட்டிலின் மேல் வைத்து, அடியிலும் காற்றுப் போகும்படி செய்து, மேலே பழைய வெள்ளை வேட்டியை வேடு கட்டியதும் அளவு 44-க்கு இறங்கியது. பழம் காய்வதும் முன்னைவிட விரைவாகத்தான் இருந்தது. எந்திரம் வாங்க மாட்டேன் என்பவர்கள் இந்தக் கட்டில் ஏற்பாட்டையாவது செய்துகொள்ளலாம். கீரையை மட்டும் வெயிலில் போடாதீர்கள். முருங்கை இலையின் பச்சை வெளிறும்போது அதிலுள்ள சத்தும் சேர்ந்தே போகிறது. அதற்கு நிழலும் காற்றும் போதும்.

தட்டட்டியை நம்பும் இயற்கை உணவுக்காரர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நம் வற்றல் பல மாதம் கெடாமல் இருப்பதற்கு வெயில் மட்டும் காரணமல்ல. கொத்தவரையை அரைவேக்காடு போட்டுத்தான் பரப்புகிறோம். மிளகாயையும் சுண்டையையும் உப்பு மோரில் ஊறவைக்கிறோம். வேகவைக்காமல், உப்பும் இல்லாமல், ஈரமான ஒன்றை இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டு, இரவில் உள்ளே எடுத்து மறுநாள் மறுபடி போட்டால், அந்த இரவுகளில் புளிப்பும் பூசணமும் தங்கள் வேலையைப் பார்த்துவிடும். ஏத்தம்பழத்துக்கு அதன் சர்க்கரை காவல். தக்காளிக்கும் நெல்லிக்கும் புளிப்பு காவல். முளைகட்டிய பயறுக்கும் ஆளிவிதைக் கூழுக்கும் எந்தக் காவலும் இல்லை. மதினிக்கு வேண்டியவை அந்தக் கடைசி இரண்டும்தான். எந்திரம் தேவைப்பட்டது அதனால்தான். அணிலும் காகமும் இரண்டாவது காரணம்.

இனி எந்திரங்கள். மலிவானது வட்டமான பிளாஸ்டிக் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வகை. ஐந்து தட்டு, 250 வாட் அளவு, நான் பார்த்தபோது மூவாயிரத்தை ஒட்டிய விலை. இதில் பலவற்றில் ஒரே ஒரு சுவிட்ச்தான் இருக்கும். சூட்டைக் கூட்டக் குறைக்க வழி கிடையாது. நான் நான்கு வருடங்களுக்கு முன் வாங்கியது இந்த வகைதான். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ‘மிதமான சூடு’ என்று போட்டிருந்தது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தபோது அடித்தட்டில் 68, மேல்தட்டில் 49. எங்கள் வீட்டில் எல்லாம் சமைத்துத்தான் சாப்பிடுகிறோம் என்பதால் எனக்குக் குறை ஒன்றுமில்லை. கறிவேப்பிலையும் தக்காளியும் அருமையாகக் காய்ந்தன. மதினி கையில் கொடுத்திருந்தால் வீட்டை விட்டே துரத்தியிருப்பார்.

அந்தக் கருவிக்கு இன்னொரு கோளாறும் இருந்தது. காற்றாடியும் சூடேற்றும் கம்பியும் அடியில். நன்றாகப் பழுத்த தக்காளியை அறுத்து அடுக்கினேன். சாறு தட்டுத் தட்டாகச் சொட்டிக் கடைசியில் மோட்டார் மேல் விழுந்தது. ஒரு வாரம் வீடெல்லாம் கருகிய நாற்றம். வட்ட அடுக்கு வாங்குவதென்றால் காற்றாடி மேல்மூடியில் இருப்பதாகப் பாருங்கள். சொட்டுவது அடித்தட்டில் தேங்கினால் துடைத்துக்கொள்ளலாம்.

கோழி வளர்க்கும் நண்பர் ஒருவர் என் பழைய கருவிக்கு ஒரு வைத்தியம் சொன்னார். முட்டை பொரிக்கும் பெட்டிக்கு வைக்கிறார்களே, சூடு ஏறினால் மின்சாரத்தை நிறுத்தி, இறங்கினால் மறுபடி விடும் சிறு கருவி, அதை இதற்கும் போடலாம் என்றார். எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்து பார்த்தேன். 46-க்கு மேல் போகவில்லை என்பது உண்மை. ஆனால் மின்சாரம் நிற்கும்போது கம்பியோடு காற்றாடியும் நின்றுவிடுகிறது. குறைந்த சூட்டில் எது வேலை செய்ய வேண்டுமோ அதுவே பாதி நேரம் தூங்கினால் எப்படி? ஏத்தம்பழம் காய ஒன்றரை நாள் ஆயிற்று. காற்றாடிக்குத் தனி இணைப்புக் கொடுத்தால் சரியாகும். அந்த அளவுக்குப் பிரித்து மேய்வதற்குள் வேறு கருவியே வாங்கிவிடலாம்.

அடுத்தது அதே வட்ட அடுக்கு, சூட்டைத் திருப்பும் குமிழோடு. நாலாயிரம் முதல் ஐயாயிரம் வரை. குமிழில் 35 முதல் 70 வரை எண்கள் இருக்கும். மதினி சொன்ன விலைக்குள் நிற்பது இதுதான் என்பதால் தெரிந்தவர் ஒருவரிடம் இரவல் வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். 45-இல் வைத்தால் காற்றாடிக்கு அடுத்த தட்டில் 51, தொலைவில் இருக்கும் தட்டில் 40. குமிழை 40-இல் வைத்தால் 46-உம் 36-உம். ஆக, எண்ணை நம்பாமல் ஒருமுறை அளந்து, குமிழில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் கருவி பிழைத்துப்போகிறது. மூன்று மணிக்கு ஒருமுறை தட்டுகளை இடம் மாற்ற வேண்டும். இரவில் யார் எழுந்திருப்பது? ஐந்து தட்டில் மூன்றை மட்டும் நிரப்பினால் அந்தப் பாடு இல்லை. காற்று ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு என்று மேலும் கீழுமாகப் போவதால் வாசனையும் கூடவே போகும். சின்ன வெங்காயம் போட்ட அன்று ஏத்தம்பழத்தை மறந்துவிடுங்கள்.

மதினியின் காரியத்துக்கு இதில் ஒரு பெரிய இடைஞ்சல், தட்டின் நடுவில் இருக்கும் ஓட்டை. துண்டு போட்டுக் காயவைப்பவருக்கு அது பொருட்டில்லை. ஆளிவிதை ரொட்டிக்கோ, ஊறிய விதை வழுவழுவென்று ஒட்டிக்கொண்டிருக்க, தக்காளி, மல்லித்தழை, பச்சை மிளகாய் அரைத்துச் சேர்த்து, தோசை கனத்துக்கு அகலமாகத் தடவ வேண்டும். நடுவில் ஓட்டை இருந்தால் ரொட்டி வளையல் மாதிரி வருகிறது. தடவுவதற்கு விற்கும் வழுக்கு விரிப்புகள் தனி விலை. நான் வாழையிலையை வெட்டிப் போட்டேன். ஐந்தாறு மணி நேரத்தில் மேல்பக்கம் இறுகியதும் கவிழ்த்து இலையை உரித்தெடுத்தால் சுத்தமாக வருகிறது. இலையின் மணமும் சற்று இறங்குகிறது. அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, பெட்டி வகை. முன்னால் கதவு, பின்சுவரில் காற்றாடி, அலமாரித் தட்டுப்போல உருவி எடுக்கும் சதுரத் தட்டுகள். அமெரிக்கச் சமைக்காத உணவுக்காரர்கள் பெரிதாகப் பேசும் எக்ஸ்காலிபர் இந்த வகையில் புகழ்பெற்ற பெயர். காற்று பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொரு தட்டின் மேலும் தனித்தனியாகப் போவதால் இடம் மாற்றும் வேலை குறைவு, வாசனை கலப்பதும் குறைவு. இரண்டு தட்டை உருவிவிட்டால் உயரமான பாத்திரத்தையும் உள்ளே வைக்கலாம். நம் ஊரில் ஆறு தட்டு வைத்த சிறிய பெட்டி எட்டாயிரம் முதல் பத்தாயிரம் வரை கேட்டார்கள். ஸ்டீல் தட்டு என்றால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பச்சென்று ஒட்டினால் உப்பு நெல்லிக்கும் எலுமிச்சைக்கும் அதை நம்ப வேண்டாம். புளியங்குடி எலுமிச்சையின் சாறு பட்டால் மட்டமான ஸ்டீல் ஒரு மழைக்காலம் தாங்காது. அதற்கு நல்ல பிளாஸ்டிக் வலையே மேல்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ‘அங்கிருந்தே நல்லதாக ஒன்று கொண்டு வரச் சொல்லலாமே’ என்ற யோசனை கட்டாயம் வரும். அங்கே வீட்டுக்கு வரும் மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. அந்த ஊர் உலர்த்தியை நேராகச் செருகினால் வெடியோசை கேட்கலாம். இடையில் போடும் டிரான்ஸ்ஃபார்மர் அந்த வாட்டுக்குத் தகுந்ததாக வாங்கினால் அம்மிக்கல் கனம் இருக்கும், விலையும் ஏறிவிடும்.

ஓடிஜி அடுப்பு இருக்கிறதே என்பவர்கள் குமிழைப் பார்த்தால் போதும், பலவற்றில் மிகக் குறைந்த எண்ணே 100. ஏர் ஃபிரையர் சிலவற்றில் உலர்த்தும் வசதி இருக்கிறது, 40 டிகிரிக்கும் இறங்கும். ஆனால் ஒரு கூடையில் இரண்டு பழம் கொள்ளும். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் முயன்று பாருங்கள், இதற்கென்று வாங்காதீர்கள்.

மின்கட்டணத்தை நினைத்து அண்ணன் முகம் சுருங்கியது. 300 வாட் கருவி 12 மணி நேரம் இடைவிடாமல் ஓடினாலும் 3.6 யூனிட்தான். சூடு எட்டியதும் கம்பி அவ்வப்போது அணைந்துகொள்வதால் உண்மையில் அதைவிடக் குறையும். 600 வாட் பெட்டி என்றால் உச்சமாக 7.2. வாரம் இருமுறை ஓட்டினால் இரண்டு மாதத்தில் சிறியது 60 யூனிட்டை ஒட்டியும், பெரியது 120 வரையும் இழுக்கும். நம் மாநிலத்தில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் முதல் சில நூறு யூனிட்டுக்குக் கிடைக்கும் சலுகையும் குறைந்துவிடும். ஏசி ஓடும் கோடையில் அந்தக் கோட்டை ஒட்டி நிற்கும் வீடுகள் கவனிக்க வேண்டும். கோடையில்தான் தட்டட்டி இருக்கிறதே. எந்திரம் ஓடப்போவது மழைக்காலத்தில், ஏசி தூங்கும்போது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நான் குற்றவாளி ஆவேன். 45 டிகிரி என்பது கிருமிகளுக்கும் பிடித்தமான சூடு. ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் நடுவில் ஈரமான உணவு எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவுக்கு ஆபத்து. கனமாகத் தடவிய முளைப்பயறுக் கூழ் இருபது மணி நேரம் ஈரமாகவே கிடந்தால் அது உலரவில்லை, புளித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். நிலக்கடலையும் மிளகாயும் தேங்காயும் மெதுவாகக் காயும்போது வரும் ஒருவகைப் பூஞ்சை நஞ்சு, கண்ணுக்குத் தெரிந்த பூசணத்தைச் சுரண்டிவிட்டால் போகாது. இதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. முதல் ஒரு மணி நேரம் மட்டும் காற்றை 55-இல் வைப்பது, பிறகு 45-க்கு இறக்குவது. ஈரம் நிறைந்திருக்கும்வரை பண்டம் காற்றளவுக்குச் சூடாவதில்லை. மண்பானைத் தண்ணீர் சித்திரையிலும் குளிர்ந்திருக்கும் அதே காரணம்தான். மதினிக்காக நெல்லித் துண்டின் நடுவில் தெர்மாமீட்டர் முனையைக் குத்திக் காட்டினேன். காற்று 55, துண்டின் உள்ளே 41. அவர் இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். தடவுவது மெல்லிதாக, வெட்டுவது சீராக இருந்தால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆக, என்ன வாங்குவது? துண்டு போட்டுப் பழமும் நெல்லியும் கீரையும் மட்டும் காயவைப்பவராக இருந்தால் ஐயாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் செலவழிக்கத் தேவையில்லை. மேல்மூடியில் காற்றாடியும் குமிழும் வைத்த வட்ட அடுக்கும் ஒரு தெர்மாமீட்டரும் போதும், மற்றதைத் தட்டட்டி பார்த்துக்கொள்ளும். பாளையங்கோட்டையில் தனி வீட்டில் இருப்பவர் என்றால் அதுகூட வேண்டுமா என்று ஓர் ஆடியும் ஓர் ஐப்பசியும் கழித்து யோசிக்கலாம். சாரல் விழும் ஊரில் இருந்துகொண்டு, முளைப்பயறும் ஆளிவிதையும் வாரம் இருமுறை தடவுகிற மதினிக்கு அது ஒத்துவராது. பட்ஜெட்டை மீறுவதுதான் அவருக்குச் சிக்கனம். வட்டத்தை வாங்கி, சலித்து, ஆறு மாதத்தில் பரணில் போட்டுவிட்டுப் பெட்டியை வாங்கினால் இரண்டு செலவு. இதை அண்ணனிடம் சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

மூவருமாகத் திருநெல்வேலிக்குப் போனோம். வண்ணார்பேட்டையில் இரண்டு கடை ஏறி இறங்கி, மூன்றாவதில் ஆறு தட்டுப் பெட்டி ஒன்று எட்டாயிரத்து இருநூறுக்குப் படிந்தது. பில் போடும் முன் மதினி கைப்பையிலிருந்து என் தெர்மாமீட்டரை எடுத்தார். பெட்டியைச் செருகி, 45-இல் வைத்து, கதவை மூடி, கம்பியை மட்டும் இடுக்கு வழியாக உள்ளே விட்டார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். “அண்ணாச்சி, காய்ச்சல் பார்த்து வாங்குகிறவர்களை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்” என்றார். முப்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். பையன் ஒருவன் எல்லோருக்கும் டீ கொண்டு வந்தான், மதினிக்கு மட்டும் இளநீர். மேல்தட்டில் 47, அடித்தட்டில் 45.

“இரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டுகிறதே” என்றார் மதினி. அண்ணன் பேசாமல் எழுந்து பணத்தை எண்ணிக் கொடுத்தார்.